ஏ-ஐ-ஆர் என்றால் தண்ணீர்

என் தாய்மாமா 34 வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடிப் பக்கத்தில் அவரிடம் குட்டு வாங்காமல் ஆங்கிலம் படித்தவர்கள் குறைவு. அப்பேர்ப்பட்டவரை ஒரு மூன்றெழுத்துச் சொல் பெட்ரோல் பங்க்கில் வைத்துக் குளிப்பாட்டிவிட்டது.

கோலாலம்பூருக்கு வந்த மூன்றாம் நாள் அவரைக் காரில் பினாங்குக்குக் கூட்டிப்போனேன். சுமார் 350 கிலோமீட்டர் ஓட்டம். கிளம்புமுன் பசியாற மாமாக் கடைக்குப் போனோம். எங்கள் மாமாவின் கடை அல்ல. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகத்துக்கு இங்கே அதுதான் பெயர்.

ரொட்டி சானாய் சொன்னதும் கடைப் பையன் கேட்டான்: "என்ன தண்ணி குடிக்கிறீங்கய்யா?"

மாமா அவனை விட்டுவிட்டு என்னை முறைத்தார். "காலையில ஏழரைக்கேவா? உங்க அம்மாவுக்குத் தெரியுமாடா?"

விளக்கினேன். இங்கே டீ, மைலோ, பழச்சாறு எல்லாமே தண்ணிதான். மலாயில் தண்ணீருக்கும் குடிக்கிற பானத்துக்கும் ஒரே சொல், ஆயர். அதையே இங்குள்ள தமிழர்கள் தமிழாக்கிப் புழங்குகிறார்கள்.

"ஆயரா? ஆயர்பாடி ஆயரா?"

"கிட்டத்தட்ட அதே உச்சரிப்புதான் மாமா."

அந்த இடத்தில் ஒரு பேப்பரில் அதை எழுதிக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

அடுத்து பெட்ரோல் பங்க். ரொக்கம் என்றால் இங்கே முதலில் கவுன்டரில் போய்ப் பணம் கட்டிவிட்டுத்தான் பெட்ரோல் போட வேண்டும். "பின் டயர் ஒண்ணு உட்கார்ந்திருக்கு, மாப்ளே. நீ காசு கட்டு, நான் காத்து அடிக்கிறேன்" என்றார். சரி என்று உள்ளே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர்.

பங்க்கின் ஓரத்தில் ஒரு கம்பம். ஒரு பக்கம் 'ஆஙின்' என்று பெயர்ப்பலகை, மறுபக்கம் இன்னொன்று. அந்த இன்னொன்றில் பெரிய ஆங்கில எழுத்தில் ஏ, ஐ, ஆர். கீழே பச்சை ரப்பர் குழாய், முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு விசை. 34 வருட அனுபவசாலிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? குழாயை இழுத்துக்கொண்டு போய், டயர் வால்வின் மூடியைக் கழற்றிப் பொறுப்பாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, முனையை வால்வில் வைத்து அழுத்தியிருக்கிறார்.

நான் வெளியே வந்தபோது தண்ணீர் ரிம்மில் மோதித் திரும்பி நேராக அவர் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. கண்ணாடி மூக்கு நுனியில் தொங்குகிறது. விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்ற மலாய்க்காரர் பதறிப்போய், "அங்கிள்! இத்து ஆயர்! ஆயர்!" என்று கத்தினார்.

"யெஸ், யெஸ், ஐ நோ. ஏர்!"

"புக்கான் ஆஙின், அங்கிள். ஆயர்!" காற்று இல்லை, தண்ணீர் என்கிறார்.

"நாட் ஆயர். ஏர். ஏ-ஐ-ஆர், ஏர்!"

நனைந்துகொண்டே உச்சரிப்பைத் திருத்தினார். அந்த மனிதர் பலகையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். ஏ-ஐ-ஆர் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. பிறகுதான் காலையில் கேட்ட அந்த ஆயர் மாமாவின் காதில் விழுந்தது. விரல் விசையை விட்டது.

மலாயில் முகக்களைக்கு 'ஆயர் மூக்கா' என்பார்கள். மூக்கா என்றால் மூக்கு இல்லை, முகம். முகத்தின் தண்ணீர். மானம் போவதற்கு அந்தத் தண்ணீர் விழுந்துவிட்டது என்பார்கள். மாமாவுக்கு அன்று சொட்டுச் சொட்டாக விழுந்தது.

சட்டையைப் பிழிந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு காரில் ஏறினார். அரை மணி நேரம் பேச்சில்லை. அப்புறம் வழியில் வந்த பலகை ஒவ்வொன்றையும் படிக்க ஆரம்பித்தார். சுங்காய் என்ற ஊர்ப் பக்கம் வந்தபோது, 'ஆயர் பானாஸ்' என்று ஒரு பலகை.

"பானாஸ்னா?"

"சூடு, மாமா. வெந்நீர் ஊற்று இருக்கு."

"கண்ணீருக்கு என்ன சொல்வாங்க?"

"ஆயர் மாத்தா. மாத்தான்னா கண்."

"நம்ம ஆளுங்க மாதிரியேதான் யோசிச்சிருக்கான்" என்று கொஞ்சம் சமாதானமானார். அதையே திருப்பிப் போட்டு மாத்தா ஆயர் என்றால் நீரூற்று என்று சொன்னதும் முழுசாகவே சமாதானமாகிவிட்டார். பினாங்கில் பார்க்கப்போகும் கெக் லோக் சி கோயில் எங்கே இருக்கிறது என்று செல்போனில் தேடினார். ஆயர் ஈத்தாம். கறுப்புத் தண்ணீர் என்று பொருள். "ஏன்டா, இதுல ஒரு இடத்துல நடுவுல ஒய் போட்டு ஏ-ஒய்-இ-ஆர்னு இருக்கு, இன்னொரு இடத்துல ஏ-ஐ-ஆர்னு இருக்கு?"

பழைய எழுத்துமுறையில் அந்த ஒய் இருந்தது. 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஊர்ப்பெயர்களில் மட்டும் இன்னும் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்ப 1971-ல வந்திருந்தா நான் நனைஞ்சிருக்க மாட்டேன்" என்றார்.

அந்தக் கணக்கை எழுதி வைக்க நினைத்தாரோ என்னவோ, பேனாவுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டார். வால்வு மூடி வந்தது.

"டேய், டயருக்குக் காத்து அடிச்சோமா?"

அடிக்கவில்லை. இவ்வளவு களேபரத்தில் எதற்காக அந்தக் கம்பத்துக்குப் போனோம் என்பதே மறந்துவிட்டது. தாப்பாவில் நிறுத்தினேன். இந்த முறை மாமாவே இறங்கிப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையைப் படித்தார். "ஆஞ்சின்."

"ஆஙின், மாமா."

"எப்படியோ போகட்டும். ஆஞ்சநேயர் யாரு? வாயு புத்திரன். வாயுன்னா காத்து. இனிமே எனக்கு மறக்காது."

இருந்தாலும் குழாயை என்னிடம் தருமுன் முனையைத் தரைப்பக்கம் திருப்பி, பேனா நுனியால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். காய்ந்த காற்று சீறியது. நான் இயந்திரத்தில் 210 என்று வைத்தேன்.

"இருநூத்திப் பத்தா! நம்ம ஊர்ல முப்பதுதானடா வைப்போம், வெடிச்சிரும்!"

"இது கிலோபாஸ்கல் கணக்கு மாமா. நம்ம ஊர் முப்பது பி.எஸ்.ஐ. கணக்கு. ரெண்டும் ஒண்ணுதான்."

இன்றைக்கு இந்த ஊரில் யார் என்ன சொன்னாலும் நம்புவதாக அவர் இல்லை. பீப் சத்தம் வரும்வரை பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.