பாடசாலை விட்ட பிறகு படித்த கணிதம்

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்துக்கொண்டே, வேலையை விடாமல் பேராதனையில் கணிதத்தில் விஞ்ஞான முதுமாணி செய்தேன். வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர்களாக வந்திருக்கிற இளம் பிள்ளைகள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள், "நாங்களும் செய்யலாமா டீச்சர், தாக்குப்பிடிக்கலாமா?" என்று. செய்யலாம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் தனியாகச் செய்யாதீர்கள்.

எல்லோரும் முதலில் விசாரிப்பது பயணத்தைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் கண்டி பஸ்ஸில் ஏறி, செங்கலடி, மகாஓயா, மகியங்கனை என்று போய், தலை சுற்ற வைக்கிற பதினெட்டு வளைவையும் தாண்டி, வார இறுதி முழுக்க விரிவுரையில் இருந்துவிட்டு, திங்கள் காலை முதல் பாடத்துக்குத் திரும்பவும் வகுப்பில் நிற்க வேண்டும். கஷ்டம்தான். சரி, அது உடம்புக்குப் பழகிவிடும்.

மனதுக்குப் பழக நாளெடுத்தது வேறொன்று. உயர்தரப் பரீட்சையில் ஒரு வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம். பகுதி ஏயில் 10 கேள்விகளும் கட்டாயம், பகுதி பீயில் 7இல் 5. கேள்வியைக் கண்டதும் கை ஓட வேண்டும், அதற்காகத்தான் பழைய வினாத்தாள்களைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்விக்கிறோம், அதில் பிழை சொல்ல மாட்டேன், அந்தப் பரீட்சைக்கு அந்த வேகம் தேவை. பட்டப்பின்படிப்பில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. ஒரு தேற்றத்தின் நிறுவலோடு ஒரு கிழமை இருக்க வேண்டியிருக்கும். புத்தகத்தில் வரிக்கு வரி வாசிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஒவ்வொரு வரியும் முந்தின வரியிலிருந்து ஒழுங்காகத்தான் வந்திருக்கும், ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தால்தான் எந்த வரியில் உண்மையான வேலை நடந்தது என்பதே பிடிபடவில்லை என்று தெரியவரும். அதை உங்களுக்குக் காட்டித்தர புள்ளியிடும் திட்டம் ஒன்றும் கிடையாது. குறுக்கே கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு அந்த ஆளாக வாய்த்தவர் எங்கள் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிற சேர். சீரான ஒருங்கலைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஆசிரியர் ஓய்வறையில் அவரிடம் ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1821இல் பிரான்சின் கணிதவியலாளர் கோஷி தன் பாடநூலில், தொடர்ச்சியான (வரைபு எங்கும் அறாத) சார்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்போது அந்தத் தொடர் ஒருங்கினால், அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குறித்த பெறுமானத்தை நெருங்கினால், கூட்டுத்தொகையும் தொடர்ச்சியான சார்பாகத்தான் இருக்கும் என்று எழுதி, நிறுவலும் கொடுத்திருந்தார். 1826இல் நோர்வேயைச் சேர்ந்த ஆபெல் என்ற இளைஞர் ஒரே ஒரு எதிருதாரணத்தை வைத்தார்: சைன் எக்ஸ், அதிலிருந்து சைன் இரண்டு எக்ஸின் அரைவாசியைக் கழித்து, சைன் மூன்று எக்ஸின் மூன்றிலொன்றைக் கூட்டி, இப்படியே முடிவில்லாமல்.

சேர் உடனே கேட்டார், "அப்ப எக்ஸ் பையில (π) என்ன நடக்குது டீச்சர்?"

சோக்கட்டியை எடுத்தோம். பைக்குச் சற்று முன்னே கூட்டுத்தொகை பையின் அரைவாசிக்குக் கிட்ட நிற்கிறது. சரியாகப் பையில் ஒவ்வொரு உறுப்பும் பூச்சியம், ஆகவே மொத்தமும் பூச்சியம். பையைத் தாண்டினால் பெறுமானம் மறைப் பக்கம் விழுந்துவிடுகிறது. எல்லா உறுப்பும் தொடர்ச்சியானவை, கூட்டுத்தொகை அறுந்து கிடக்கிறது. பிறகு ஏன் என்று தேடினோம். பைக்குக் கிட்டப் போகப் போக, அதே அளவு துல்லியம் வேண்டுமென்றால் மேலும் மேலும் உறுப்புகளைக் கூட்ட வேண்டியிருக்கிறது, எல்லா எக்ஸுக்கும் இத்தனை உறுப்பு போதும் என்று ஒரே எண்ணைச் சொல்லவே முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதிரை இருக்கிறது என்பதற்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கதிரை இருக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஒரே எண் போதுமானால் அதுதான் சீரான ஒருங்கல், அப்போது கோஷியின் முடிவு அப்படியே சரியாக வரும். விரிவுரைக் குறிப்பில் அந்த வரைவிலக்கணம் இரண்டே வரி. அது எதற்காக அப்படி எழுதப்பட்டது என்பது எனக்கு அந்தக் கரும்பலகையில்தான் விளங்கியது. (சேருக்கு அது எந்தப் பரீட்சைக்கும் உதவாது, ஆனாலும் அன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்.)

இன்னொன்றும் அங்கே நடந்தது. நாங்கள் உயர்தரம் வரை தமிழில் படித்து, கம்பஸில் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள். ஆங்கிலத்தில் மனனமாகிவிட்ட வசனத்தைச் சொல்லிக்கொண்டே போய்விடலாம், யாரும் மறிக்க மாட்டார்கள். அதையே சேருக்குத் தமிழில் சொல்லவந்தால் அப்படி ஒப்புவிக்க வசனம் கிடையாது, விளங்கியதை மட்டும்தான் சொல்ல முடியும்.

சீரான ஒருங்கலை அடிப்படைக் கருத்தாக வளர்த்தெடுத்த ஜேர்மன் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸும் எங்களைப் போலப் பாடசாலை ஆசிரியராக இருந்தவர் என்பதை அறிந்தபோது உண்மையாகவே நெகிழ்ந்துபோனேன். 1840களிலும் 1850களின் தொடக்கத்திலும் பிரஷ்யாவின் சிறிய ஊர்களில் கணிதத்தோடு உடற்பயிற்சியும் எழுத்துப் பயிற்சியும் கூடப் படிப்பித்துக்கொண்டு, கணிதம் பேச ஆள் இல்லாமல் தன்பாட்டில் ஆராய்ச்சி செய்தார். 1854இல் வெளிவந்த கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் அவரைக் கண்டது, 1856இல் பெர்லினுக்குப் போனார். அவரால் தனியே இருந்து செய்ய முடிந்திருக்கிறது. அதற்காக எங்கள் பிள்ளைகளும் அந்தத் தனிமையைச் சுமக்கட்டும் என்று விட நான் தயாரில்லை. களுவாஞ்சிக்குடியில் ஒருவர், கல்முனையில் ஒருவர், ஏறாவூரில் ஒருவர் என்று தனித்தனியாக, ஒரே நிறுவலின் ஒரே வரியில் தடக்குப்பட்டு, தனக்கு மட்டும்தான் மூளை போதவில்லை என்று நினைத்துப் படிப்பை இடையில் விடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை.

வகுப்பிலும் இதனால் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பெருக்கல் விருத்தியின் முடிவிலிக் கூட்டுத்தொகைச் சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு ஓடாமல், 0.999… என்று போய்க்கொண்டே இருப்பது ஒன்றுக்குச் சமமா, குறைவா என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். பாதி வகுப்பு குறைவு என்கும். "எவ்வளவு குறைவு, சொல்லு மனே" என்றால் சத்தம் தொடங்கும். அந்த ஒரு பாடவேளை பாடத்திட்டத்தில் பின்னுக்குப் போவது எனக்குச் சம்மதம்.

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். போயா நாட்களில் பின்னேரம் சிலர் வருகிறார்கள், இப்போது லெபெக்கின் அளவையில் (நீளம் என்ற கருத்தைச் சிக்கலான கணங்களுக்கும் விரிப்பது) நிற்கிறோம். முதுமாணி செய்கிறவர்கள், செய்ய யோசிக்கிறவர்கள் வாருங்கள். வரும்போது ஒரு நிறுவலைக் கொண்டுவாருங்கள், நன்றாகத் தெரிந்த ஒன்று வேண்டாம், எந்த வரியில் தடக்குப்பட்டு நிற்கிறீர்களோ அதைக் கொண்டுவாருங்கள்.