முள்ளுக்கு சிவப்பு

குறைக்கிறது வேற, இல்லாததை சேர்க்கிறது வேற. அந்த டீச்சர் கிட்ட நான் சொன்ன பதில் இதுதான், இன்னைக்கு வரைக்கும் அது சரின்னுதான் நினைக்கிறேன், ஆனா சரின்னு நினைக்கிற விஷயத்தை மனசு இத்தனை தடவை ஏன் திருப்பித் திருப்பி ஓட்டிப் பாக்குதுன்னு தெரியல.

நான் கண்ணாடி ஊதி உருவம் செய்யறவன். கோத்தகிரி பக்கம் ஸ்கூல் அவங்களுக்கு, பசங்களுக்குக் காட்ட ரேபிஸ், அதான் வெறிநாய்க்கடி வைரஸ், அதோட மாடல் கண்ணாடியில வேணும்னாங்க. வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக ஆரம்பிச்ச பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907ல இருந்து இருக்கிற குன்னூர்ல உக்காந்துட்டு இதைச் செய்யாம வேற எதைச் செய்யறதுன்னு எனக்கும் ஆசைதான். நிஜ வைரஸ் தோட்டா மாதிரி ஒரு பக்கம் மழுங்கி ஒரு பக்கம் தட்டையா இருக்கும், நீளம் சுமாரா 180 நானோமீட்டர். பத்து லட்சம் மடங்கு பெருசாக்கி 18 செ.மீ.க்கு போரோசிலிகேட்ல, அதான் சூடு தாங்குற கண்ணாடியில ஊதி, வைரஸ் மேல நீட்டிட்டு இருக்குமே அந்த முள்ளையும் ஒட்டி வச்சிருந்தேன். சுத்தமா தண்ணி நிறம்.

பாத்துட்டு, "முள்ளை மட்டும் சிவப்பாக்கித் தாங்கண்ணா, பசங்க பயப்படணும்"னாங்க.

"வைரஸுக்கு நிறமே கிடையாது டீச்சர், கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலையே 400 நானோமீட்டருக்கு மேலதான், இது அதைவிடச் சின்னது, புக்ல இருக்கிற கலரெல்லாம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்போட கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அப்புறமா பூசினது"ன்னு ஒரு லெக்சரே குடுத்துட்டேன்.

அவங்க பொறுமையா கேட்டுட்டு, "இதுல எத்தனை முள்ளுங்கண்ணா?"

"ஒரு 60 இருக்கும்."

"நிஜத்துல?"

"400 கிட்ட."

"அப்ப முள்ளுல பொய் சொல்லலாம், கலர்ல மட்டும் கூடாதுங்களா?"

அப்பதான் மேல சொன்ன பதிலைச் சொன்னேன். 400 முள்ளு ஒட்டிப் பாத்தவங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும், இந்தப் பக்கம் ஃப்ளேம் காட்டும்போது அந்தப் பக்கம் ஆறிடும், ஆறினா விரிசல், அதுவும் இந்த ஊரு குளிர்காத்துல கதவைத் திறந்தாலே போச்சு, கில்ன்ல, அதான் சூளையில வச்சு மெதுவா ஆற விட்டு அனீல் பண்ற வரைக்கும் உயிர் கையில இல்ல. ஆனா இது என்னோட கஷ்டம்தானே, வைரஸோட உண்மை இல்லையே. எனக்கு முடியாததை விட்டுட்டேன், அவங்களுக்கு வேணுங்கிறதை மட்டும் தரமாட்டேன்னேன். அப்படிப் பாத்தா கொஞ்சம் அநியாயமாத்தான் தெரியுது.

லூக் ஜெர்ரம்னு ஒரு பிரிட்டிஷ் கலைஞர் 2004ல இருந்து வைரஸையெல்லாம் நிறமில்லாத கண்ணாடியிலதான் பண்றார், நான் அந்தக் கட்சின்னு சொல்லிக்கலாம். ஆனா இந்த வேலைக்கே குலசாமின்னா அந்தக் காலத்து கண்ணாடிக் கலைஞர்கள் பிளாஷ்கா அப்பாவும் பையனும்தான், ஹார்வர்டு யுனிவர்சிட்டிக்கு அவங்க செஞ்ச கண்ணாடிப் பூவுல ஆரம்பத்துல பெயிண்டே அடிச்சிருக்காங்க. பூவுக்கு நிஜமாவே நிறம் உண்டுங்க, அதனால இது எனக்கு எதிரான சாட்சி இல்லன்னு ஒரு வக்கீல் உள்ள இருந்து பேசுறான்.

டீச்சர் கடைசியில அப்படியே வாங்கிட்டுப் போனாங்க. கொஞ்ச நாள்ல வாட்ஸ்அப்ல போட்டோ வந்துச்சு, முள்ளு நுனியெல்லாம் நெயில் பாலிஷ்! கோவம் வந்துச்சு, மறைக்க வேண்டாம். கீழயே ஒரு வீடியோ, ஒரு சின்னப் பொண்ணு அதைக் காட்டி, மேல இருக்கிறது கொழுப்புத் தோல், நாய் கடிச்சா உடனே சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவினா இந்தத் தோல் கரையும், அப்புறம் கட்டாயம் ஊசி போடணும்னு சொல்லுது. எல்லாம் சரியா சொல்லுது. நான் நிறத்தைப் பத்திப் பேசினேனே தவிர சோப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சிவப்பா இருந்ததாலதான் அந்தப் பொண்ணு கவனிச்சுதுன்னும் சொல்ல முடியாது, டீச்சர் நல்ல டீச்சர், செங்கல்லை வச்சுக்கூட பாடம் எடுத்திருப்பாங்க.

இப்ப அந்த வீடியோவைப் பாத்துட்டு இன்னொரு ஸ்கூல்ல இருந்து "அந்த சிவப்பு முள்ளு வச்சது" ஒண்ணு கேட்டிருக்காங்க. போரோசிலிகேட்ல நல்ல சிவப்பு கொண்டு வர்றது லேசு இல்ல, சூடு கொஞ்சம் தப்பினா மண் நிறம் ஆயிடும். கலர் கண்ணாடி ராடு விலை விசாரிச்சு வச்சிருக்கேன், செய்யறேன்னு இன்னும் சொல்லல.