கடற்காற்று எத்தனை மணிக்கு?

கோடை நாளில் வானிலை அறிக்கையைத் திறப்பவர்கள் பெரும்பாலும் அதிகபட்ச வெப்பநிலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது காற்றின் திசையை. வெயில் எவ்வளவு கடுமையானது என்பதைவிடக் கடற்காற்று எத்தனை மணிக்குக் கரையேறுகிறது என்பதுதான் கடலோரத்தின் பகல்பொழுதைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்.

நீரைச் சூடாக்க, அதே எடையுள்ள உலர்ந்த மண்ணுக்கு வேண்டியதைப்போல் நான்கைந்து மடங்கு வெப்பம் தேவை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அது பாதிக் காரணம்தான். வெயில் நீருக்குள் பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலைகள் அதைக் கலக்கிவிடுகின்றன, வெப்பத்தின் ஒரு பங்கு, நீர் ஆவியாவதற்கே செலவாகிறது. தரையிலோ அத்தனை வெப்பமும் மேலாக உள்ள சில சென்டிமீட்டர் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே முற்பகலுக்குள் தரை தகிக்க, அதன் மேலுள்ள காற்று விரிந்து எழும்பி அழுத்தம் குறைய, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்தைக்கூட எட்டாத மெல்லிய அடுக்கு அது.

அது வந்து சேரும் கணத்தை மொட்டைமாடித் துணிக்கொடியில் பார்க்கலாம். காலையில் கடலை நோக்கி ஆடிக்கொண்டிருந்த வேட்டி, பதினொரு மணிவாக்கில் அசையாமல் தொங்கும். அந்தச் சில நிமிடப் புழுக்கம்தான் நாளிலேயே தாங்க முடியாதது. பிறகு வேட்டி எதிர்ப்பக்கமாக உப்பி எழும். வெப்பமானி சிறிது நேரத்திலேயே மூன்று நான்கு டிகிரி இறங்கிவிடும்.

ஆனால் தரையிலிருந்து கடலை நோக்கிப் பரவலாக வீசும் காற்று வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்று கரைக்கு வெளியிலேயே காத்துக் கிடக்கிறது. அது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் நுழைகிறது என்றால், அதற்குள் வெப்பம் உச்சத்தைத் தொட்டுவிட்டிருக்கும்; சில நாள்களில் அது வருவதே இல்லை. கடலோரத்தில் பதிவாகும் மிகக் கடும் வெயில் நாள்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. கரையிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருப்பவர்களுக்கோ அது வரும்போது அந்தி சாய்ந்திருக்கும். வெயிலைத் தணிக்க அங்கே அதற்கு வேலையில்லை.

வெப்பத்தைத் தணிப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. முன்னேறும் குளிர்காற்று தனக்கு முன்னுள்ள சூடான காற்றை மேலே தள்ளுவதால், அந்த முகப்பின் நெடுகிலும் மேகங்கள் வரிசையாகத் திரள்கின்றன. கரையில் வானம் வெளுத்துக் கிடக்க, உள்ளே இடி இடிப்பது இதனால்தான். இருபுறமும் கடல் சூழ்ந்த ஃபுளோரிடாவில் இரு கரைகளிலிருந்தும் வரும் காற்றுகள் நடுவில் மோதிக்கொள்வதே அங்கு கோடைப் பிற்பகல்களில் இடிமழை மிகுவதற்கு முக்கியக் காரணம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தார் தங்கள் கடற்காற்றை ‘ஃப்ரீமேண்டில் டாக்டர்’ என்கிறார்கள். பெயர் பொருத்தமானதுதான், ஆனால் வெப்பமான கடலையொட்டி வாழ்பவர்களுக்கு இந்த மருத்துவர் பாதி வைத்தியம்தான் செய்கிறார். வெக்கை தணியும்போதே ஈரப்பதம் ஏறுகிறது, வியர்வை உலர மறுக்கிறது, இரவும் அவ்வளவாகக் குளிர்வதில்லை. நண்பகலிலேயே மொடமொடவென்று காய்ந்துவிட்ட அந்த வேட்டியை மாலையில் எடுக்க மறந்தால், இருட்டிய பிறகு தொடும்போது கையில் பிசுபிசுக்கிறது.