பெரியம்மா இன்னிக்குப் படுத்தாளா

டிசம்பர் 26
மீட்டுக் கொண்டு வந்த யானைங்களப் பாத்துக்குற மதுரா காப்பகத்துக்கு உதவி செய்ய வந்திருக்கேன். இங்க பனின்னா இப்படி இருக்கும்னு யாரும் சொல்லல. யமுனைப் பக்கமிருந்து வந்து எல்லாத்தையும் மூடிடுது, பத்து மணி வரைக்கும் வேலி கூட தெரியல. காலைல யானைங்களுக்கு பூசணி, பப்பாளி, கேரட் வெட்டினோம், கை விறைச்சுப்போச்சு. பெரியம்மாவ தூரத்துல இருந்து பாத்தேன். இங்க இருக்குற ஒரு யானை, அந்தப் பேர் நான் வச்சது. வந்ததுல இருந்து அவ படுக்கவே இல்லன்னு அவளப் பாத்துக்குற பையா (இந்தில அண்ணன்) சொன்னாரு. நின்னுக்கிட்டே தூங்குறாளாம்.

டிசம்பர் 27
படுக்கல.

டிசம்பர் 29
இன்னிக்கு கால் வைத்தியம் பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் டாக்டர். அங்குசம் கிடையாது, அதட்டல் கிடையாது. காலைத் தூக்கி ஸ்டாண்டுல வச்சா வாழைப்பழம், வைக்கலன்னா விட்டுடுவாங்க, அவ்ளோதான். மருந்து கலந்த வெந்நீர்ல காலை ஊற வச்சு, அரத்தால நகத்த ராவி, உள்ளங்கால்ல செத்த தோலை வெட்டி எடுக்குறாங்க. யானையோட பாதத்துக்குள்ள கொழுப்பு மெத்தை ஒண்ணு இருக்கு, அது காட்டு மண்ணுல நடக்குறதுக்கானது. சிமெண்டுலயும் தார் ரோட்டுலயும் வருஷக்கணக்கா நிக்க வச்சா, சொந்த மூத்திரத்துலயே நிக்க வச்சா, வெடிச்சு சீழ் புடிக்கும், அப்புறம் மூட்டு போயிடும். அவ முன்னங்கால் முட்டி மடங்கவே மாட்டேங்குது. இந்த முட்டிய வச்சுக்கிட்டு எப்படி படுப்பா?

டிசம்பர் 31
படுக்கல. புது வருஷம்னு எல்லாரும் தீ மூட்டி உக்காந்திருந்தாங்க, நான் போகல.

ஜனவரி 2
நெட்ல தேடித்தேடி படிச்சேன். 2017-ல போட்ஸ்வானாவுல ரெண்டு காட்டு யானைங்க தும்பிக்கைல கருவி வச்சுப் பாத்திருக்காங்க, ஒரு நாளைக்கு சராசரியா ரெண்டு மணி நேரம்தான் தூக்கம், படுத்துத் தூங்குறது மூணு நாலு நாளைக்கு ஒரு தடவைதான். சரி, அப்போ தினமும் படுக்கணும்னு இல்ல. ஆனா இவ வருஷக்கணக்கா படுக்காம இருந்திருந்தா? படுக்க விடாத அளவுக்கு சங்கிலிய குட்டையா கட்டியிருந்திருந்தா? டாக்டர்கிட்ட கேட்டா அவர் வேற ஒண்ணு சொன்னாரு. படுக்காததுக்குக் காரணம் பயமாம். எந்திரிக்க முடியாதுன்னு அவளுக்கே தெரியுமாம். விழுந்து கிடக்குற யானைய அதோட எடையே நசுக்கிடும், ஒரே பக்கமா ரொம்ப நேரம் கிடந்தா மூச்சு, சதை எல்லாமே போயிடும், கிரேன் வச்சுதான் தூக்கணும். அதனாலதான் மண்ணை மேடா குவிச்சு வச்சிருக்காங்க. முழுசா கீழ போகாம சாஞ்சு படுத்துக்கலாம், எந்திரிக்கிறதும் ஈசி. இப்போ அவ படுக்கணும்னு வேண்டுறதா வேண்டாம்னு வேண்டுறதான்னே தெரியல.

ஜனவரி 3
எங்க ஊர் கோயில் யானை படுத்து நான் பாத்ததே இல்ல. சின்ன வயசுல தினமும் பாத்திருக்கேன், தும்பிக்கைல காசு வச்சா தலைல தொட்டு ஆசீர்வாதம் பண்ணும். கல் தரைல நின்னுச்சு. காலைல நின்னுச்சு, சாயங்காலம் நின்னுச்சு. 2003-ல ஆரம்பிச்ச புத்துணர்வு முகாமுக்கு அதையும் லாரில ஏத்துனப்போ ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சு, திரும்பி வந்து மறுபடி அதே கல்லு. அது எப்போ தூங்குச்சு? அம்மாவுக்கு போன் பண்ணி, "பாகன் அண்ணன்கிட்ட கேளும்மா, ராத்திரி படுக்குமா"ன்னேன். "நீ மொதல்ல ஸ்வெட்டர் போட்டியா, சாப்ட்டியா"ன்னாங்க.

ஜனவரி 6
யானையோட போட்டோ அனுப்புன்னு கிளாஸ்ல எல்லாரும் கேக்குறாங்க. தொட்டு நிக்கிற போட்டோ வராது. இங்க யாரும் தொடக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, ஏறக்கூடாது, அதுக்காகத்தான் இந்த இடத்தையே தேடி வந்தேன். ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைல யானை மேல ஏறின போட்டோவ ஒருத்தன் பதிலுக்கு அனுப்பினான். அந்த யானையோட கால் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. பதில் போடல.

ஜனவரி 9
வலது பக்கம் மண்ணு!!! தும்பிக்கையால வாரிப் போட்டுக்கிற தூசியா இருக்கும்னு நினைச்சு மொதல்ல நம்பல. பையா காட்டினாரு, தூசின்னா முதுகுல பரவலா இருக்கும், இது விலாவுல அப்பி அழுந்தி இருக்கு, கன்னத்துலயும் காது மடல்லயும் வைக்கோல் ஒட்டிக்கிட்டிருக்கு. சாஞ்சிருக்கா. எந்திரிச்சும் இருக்கா. அம்மாவுக்கு போன் பண்ணி அழுதேன், அவங்க பயந்துட்டாங்க.

ஜனவரி 10
படுக்கல.

ஜனவரி 11
படுக்கல. முன்னங்கால்ல மறுபடி வீக்கம். வெந்நீர்ல கால் வைக்க மாட்டேங்குறா, வாழைப்பழம் கூட வேண்டாங்குறா. லேசர் சிகிச்சை குடுத்தாங்க. 50 வருஷம் சங்கிலில கிடந்த ராஜூங்குற யானைய 2014-ல இங்கதான் கொண்டு வந்தாங்க, அவனே தேறலையா, இவளும் தேறுவான்னு பையா சொல்றாரு. எனக்கு தைரியம் வரல.

ஜனவரி 13
அம்மா கேட்டுட்டாங்க. "எப்பவாச்சும் படுக்கும்"னாராம் பாகன் அண்ணன். எப்பவாச்சும்னா எப்போ? கல்லு மேலயா? மண்ணு கொட்டச் சொல்லி யார்கிட்ட எழுதிக் குடுக்கணும், அறநிலையத்துறையா வனத்துறையா? அப்பாவ விசாரிக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு டிராக்டர் மண்ணு போதும், அதுக்கு மேல எதுவும் கேக்கல.

ஜனவரி 15
பொங்கல். ரயில் 18-ஆம் தேதி. வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்கு.

ஜனவரி 16
ராத்திரி தூறல். மேடு கரைஞ்சு சரிவு தட்டையாயிடுச்சு, இதுல படுத்தா எந்திரிக்க கஷ்டப்படுவா. இன்னிக்கே புது மண்ணு கொட்டி உசத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, மம்பட்டி புடிக்க ஆள் கேக்குறாங்க. டிராக்டர் வந்திருச்சு, போறேன்