புலிக் காப்பகத்தில் முதலில் கற்பது கதவு

அமெரிக்காவின் புலிக் காப்பகம் ஒன்றில் இன்டர்னாக, அதாவது பயிற்சிப் பணியாளராக, சேர்கிறவர் முதல் மாதம் முழுக்கக் கற்றுக்கொள்வது கதவைச் சாத்துவதுதான். சொன்னால் சப்பென்று இருக்கும். ஆனால் அந்நாட்டில் நடந்த பெரிய விபத்துகளைப் புரட்டிப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரு கதவில்தான் போய் முட்டுகிறோம்.

2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் கூண்டுக்குள் இருந்த இன்டர்ன் ஒருவர் சிங்கம் தாக்கி இறந்தார். தீனி அறையின் கதவு முழுதாக மூடாமல் இருந்தது, சிங்கம் பாதத்தை விட்டு அதை நெம்பித் திறந்துவிட்டது என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். 2018 டிசம்பரில் வட கரோலினாவில் இறந்த இன்டர்ன் வேலைக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அங்கே இடைக்கதவு மூடும் வழியில் ஒரு பெரிய விளையாட்டுப் பந்து சிக்கியிருந்தது. 2020 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு தன்னார்வலர், அதுவும் ஐந்து வருடம் பழகியவர், தீனி வைக்கும்போது ஒரு கதவு கொக்கி மாட்டிச் சாத்தியிருப்பதைப் பார்த்தார். கொக்கி இருந்தால் பொறுப்பாளர் வராமல் தொடாதே என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். ஏதோ நினைப்பில் கொக்கியைக் கழற்றக் கையை உள்ளே விட்டார்; புலி கவ்விவிட்டது. உயிர் பிழைத்தார்.

இந்தக் காப்பகங்களில் இருக்கும் விலங்குகள் காட்டிலிருந்து வந்தவை அல்ல, காட்டுக்குத் திரும்பப் போகிறவையும் அல்ல. வீட்டில் செல்லமாக வளர்க்க வாங்கியவை, சர்க்கஸில் இருந்தவை, சாலையோர மிருகக்காட்சி சாலைகள் மூடியபோது கைவிடப்பட்டவை. குட்டியோடு படம் எடுக்கக் காசு வாங்கும் தொழிலில் பயன்பட்டு, வளர்ந்ததும் வேண்டாதவையானவையும் உண்டு. 2021 மே மாதம் ஒக்லஹோமாவில் ஒரே இடத்திலிருந்து மட்டும் அரசு புலி, சிங்கம் போன்ற 68 பெரும்பூனைகளைப் பறிமுதல் செய்தது. 2022 டிசம்பரில் கையெழுத்தான பெரும்பூனைப் பாதுகாப்புச் சட்டம் புதிதாக யாரும் இவற்றைச் செல்லப்பிராணியாக வாங்குவதையும், பொதுமக்கள் குட்டிகளைத் தொடுவதையும் தடை செய்தது. ஆக, இன்டர்ன் பராமரிக்கப் போவது பெரும்பாலும் கிழட்டுப் புலிகளை. நகம் பிடுங்கப்பட்டதால் மூட்டு வீங்கியவை, குட்டியில் எலும்பில்லாத கோழிக்கறி மட்டுமே தின்று கால் வளைந்தவை, மாறுகண் கொண்ட வெள்ளைப்புலிகள், சிறுநீரகம் பழுதானவை.

கதவுக்கு வருவோம். ஒவ்வொரு புலியின் இடமும் குறைந்தது இரண்டாகப் பிரிந்திருக்கும்: பெரிய திறந்த அடைப்பு, அதை ஒட்டிச் சின்ன அடைப்பறை. நடுவில் மேலிருந்து கீழே இறங்கும் இரும்புக் கதவு. கில்லட்டின் கதவு என்றே சொல்கிறார்கள். வெளியே நின்றபடி கப்பியில் ஓடும் இரும்புக் கயிற்றை இழுத்து அதை ஏற்றி இறக்க வேண்டும். சுத்தம் செய்ய உள்ளே போக வேண்டுமானால், முதல் வேலை எண்ணுவது. எத்தனை புலி, எங்கே, கண்ணால் பார்த்தேனா? குகைக்குள் படுத்திருக்கும் என்று நினைப்பது எண்ணியதாகாது. பிறகு அடைப்பறையின் வெளிக்கதவுப் பூட்டுகளைப் பார்த்துவிட்டு, கறித்துண்டைத் தீனிக் குழாய் வழியாகப் போட்டுப் புலியை அழைக்க வேண்டும். முழு உடம்பும் வாலும் உள்ளே வந்த பிறகே கதவை இறக்கலாம். வாலை மறந்து இறக்கினால் அது மருத்துவரின் வேலையாகிவிடும்.

இறங்கிய கதவு அடிச்சட்டத்தின் காடியில் போய் உட்கார்ந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டும். புதியவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். காடியில் வைக்கோல், சேறு, எலும்புத்துண்டு, குளிர்காலத்தில் பனிக்கட்டி, எது சேர்ந்தாலும் கதவு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மூடியது போலத்தான் தெரியும். புலிக்கு அந்த இரண்டு விரற்கடை போதும், பாதத்தை நுழைத்துத் தூக்கிவிடும். அதனால் கதவு இறங்கியதும் மேலே செருகு ஆணி, அதற்கொரு பூட்டு. பூட்டை அமுக்கினால் போதாது, பிடித்துக் கீழே இழுத்துப் பார்க்க வேண்டும். துருவேறிய பூட்டில் வளையம் குழிக்குள் போனது போலக் காட்டிவிட்டு நிற்கும். இழுத்தால் கழன்று கையோடு வந்துவிடும்.

பிறகு இரண்டாவது ஆள் வந்து அதே பூட்டை இழுத்துப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கதவு மூடியது, பூட்டியது, புலி ஒன்று அடைப்பறையில். முதல் ஆள் சீனியர் என்பதற்காக இரண்டாவது ஆள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகும் காப்பகமாக இருந்தால், அங்கே உண்மையில் ஒரே ஒரு சோதனைதான் நடக்கிறது. அதன் பிறகுதான் ஆள் நுழையும் இரட்டைக் கதவு. வெளிக்கதவைச் சாத்திய பின்பே உள்கதவைத் திறக்கலாம். வெளியே வரும்போது ரேக், மண்வாரி, வாளி எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு வர வேண்டும். உள்ளே விட்டுவந்த பிளாஸ்டிக் வாளியைப் புலி கடித்து விழுங்கினால் குடலடைப்பு. ஆள் நுழையும் கதவுகள் பூட்டி, சோதித்து முடிந்த பிறகே கில்லட்டின் கதவை ஏற்ற வேண்டும். வேலை முடிந்தது என்ற நிம்மதியில் இந்த வரிசை தலைகீழாவது போகும்போது அல்ல, திரும்பும்போது.

கைபேசி பெரும்பாலான இடங்களில் கூண்டுப் பகுதிக்குள் வரக்கூடாது. வாக்கி-டாக்கி மட்டும். மாதத்துக்கு ஒருமுறையாவது தப்பித்தல் ஒத்திகை நடக்கிறதா என்று பாருங்கள். யார் எந்தக் கட்டடத்துக்குள் ஓட வேண்டும், பார்வையாளர்களை யார் உள்ளே இழுக்க வேண்டும், துப்பாக்கி யார் கையில்? மயக்க ஊசி பற்றிப் பலருக்குச் சினிமாத்தனமான நம்பிக்கை இருக்கிறது. ஊசி சரியாக இறங்கினாலும் புலி சாய நிமிடங்கள் ஆகும். 2018 சம்பவத்தில் மயக்க ஊசி பலிக்காமல் கடைசியில் சிங்கத்தைச் சுட வேண்டியதாயிற்று.

கறி அறை இன்னொரு உலகம். வளர்ந்த புலிக்கு நாளுக்குச் சுமார் 4 முதல் 6 கிலோ, வாரத்தில் ஒருநாள் பல இடங்களில் பட்டினி. பெரும்பகுதி நன்கொடையாக வருவது: பண்ணையில் இறந்த மாடு, சாலையில் அடிபட்ட மான், சூப்பர் மார்க்கெட் கழித்துவிட்ட கறி. மாடு எப்படிச் செத்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. கருணைக்கொலைக்குப் பயன்படும் பென்டோபார்பிடால் கறியிலேயே தங்கும், தின்ற புலியும் சாகும். சூப்பர் மார்க்கெட் பொட்டலங்களில் மசாலா தடவியவற்றைத் தனியே எடுத்துவிட வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனை இனத்தின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். தட்டின் அடியில் இரத்தம் உறிஞ்ச வைத்திருக்கும் பஞ்சுத் துண்டையும் உரித்தெடுக்க வேண்டும். வேகமாகச் செய்யும் கையில் அது தப்பிவிடும், ஒருநாள் புலியின் மலத்தில் வரும், அல்லது வராது. உறைந்த கறியைக் குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வைத்தே இளக்க வேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் மேற்பரப்பு கெட்டுப்போகும், நடுவில் கல்லாகவே இருக்கும். எலும்பில்லாத கறியானால் கால்சியமும், பூனை இனத்துக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் தூவ வேண்டும்.

2024 கடைசியில் வாஷிங்டன் மாநிலக் காப்பகம் ஒன்றில் பறவைக் காய்ச்சலால் சில வாரங்களில் 20 பூனை இன விலங்குகள் இறந்தன. அதற்குப் பிறகு பச்சைக் கோழி என்றாலே கேள்வி எழுகிறது. வேகவைத்துத் தரலாம், ஆனால் வெந்த எலும்பு கூர்மையாகச் சிதறும் என்பதால் எலும்பை முழுக்க எடுக்க வேண்டும். வேகும்போது குறையும் டாரினை மேலே சேர்க்கவும் வேண்டும். கறி அறை வேலை இரட்டிப்பாகும். மாத்திரை கொடுக்க ஒரு வழி உண்டு: மூன்று கறி உருண்டை, நடு உருண்டையில் மட்டும் மருந்து. முதலாவது சந்தேகத்தைப் போக்கும், மூன்றாவதைப் பார்த்ததும் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். தீனியின் தொடக்கத்தில், பசி இருக்கும்போதே செய்தால்தான் பலிக்கும்.

சுத்தம் செய்வதில் நம் ஊர்ப் பழக்கம் அப்படியே ஆபத்து. பினாயில், டெட்டால் வகைகளில் உள்ள பீனால் சார்ந்த பொருள்களைப் பூனை இனத்தின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. காலில் பட்டதை நக்கினாலே விஷம். பிளீச்சிங் கரைசல் பயன்படுத்தலாம், ஆனால் சிறுநீர் தேங்கிய தரையில் நேராக ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். முதலில் மலத்தை அள்ளி, தண்ணீரடித்துக் கழுவி, பிறகு கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் கிருமியைச் சரியாகக் கொல்வதில்லை.

மலத்தை அள்ளுவது மட்டமான வேலை என்று முகம் சுளிப்பவர்கள் விலங்கைப் பற்றிய முதல் செய்தியைத் தவறவிடுகிறார்கள். இரண்டு புலி ஒரே அடைப்பில் இருக்க, ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு. எந்தப் புலிக்கு? ஒன்றின் கறியில் மட்டும் நஞ்சில்லாத பளபளப்புத் துகளைச் சிட்டிகையளவு கலந்து கொடுத்தால், மறுநாள் எது யாருடையது என்று மலமே மினுங்கிச் சொல்லிவிடும்.

விலங்குக்கு அலுப்புத் தட்டாமல் ஏதாவது செய்து தருவது எல்லாருக்கும் பிடித்த வேலை. அட்டைப்பெட்டி (டேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் எடுத்த பிறகு), பட்டைத் தூள், ஜாதிக்காய், உறைய வைத்த இரத்தக்கட்டி, நவம்பரில் ஹாலோவீன் முடிந்து குவியும் பூசணிகள். கால்வின் க்ளைனின் அப்செஷன் வாசனைத் திரவியத்தைப் பெரும்பூனைகள் மரத்தில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து முகரும். 2018-ல் மகாராஷ்டிரத்தில் ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அவனி என்ற புலியைத் தேடியபோதுகூட அதைப் பயன்படுத்தினார்கள்.

ஊசி போட்டுக்கொள்ளப் புலியைப் பழக்குவது பொறுமையான வேலை, இன்டர்ன் பெரும்பாலும் பார்ப்பவர் மட்டுமே. கம்பியின் ஓரமாகப் புலி பக்கவாட்டில் நின்றால் விசில், நீண்ட குச்சி முனையில் கறி. அது பழகியதும் மழுங்கிய குச்சியால் தொடையைத் தொடுவார்கள், பிறகு மூடி போட்ட சிரிஞ்சு, பிறகு மருந்தில்லாத ஊசி, கடைசியில் தடுப்பூசி. இடையில் யாராவது ஒருநாள் அவசரப்பட்டால் புலி பல மாதத்துக்கு அந்தப் பக்கமே வராது. இதில் கை கம்பிக்குள் போவதே இல்லை. மூக்கால் ‘ப்ர்ர்’ என்று ஊதி வரவேற்கும் புலியைப் பார்த்துத் தன்னைத் தெரிந்துகொண்டது என்று இன்டர்ன்கள் மகிழ்ந்துபோவார்கள். தெரிந்துதான் இருக்கிறது. அதே புலி அவர் திரும்பி நடந்ததும் பதுங்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் விளம்பரப் படங்களைப் பாருங்கள். இன்டர்ன் குட்டிக்குப் பாட்டிலில் பால் கொடுப்பதாகவோ புலியைக் கட்டிப்பிடித்தோ படம் இருந்தால் அங்கே குட்டி போட வைக்கிறார்கள், வளர்ந்தவை எங்கோ போகின்றன. தென்னாப்பிரிக்காவில் இதே பாட்டில் வேலைக்குத் தன்னார்வலரிடமே காசு வாங்கி, வளர்ந்த சிங்கங்களை வேட்டைக்கு விற்ற பண்ணைகள் உண்டு. நல்ல காப்பகம் இனப்பெருக்கம் செய்வதில்லை, விற்பதில்லை, தொட விடுவதில்லை. அப்படிப்பட்ட இடங்களுக்கு அங்கீகாரம் தர உலகக் காப்பகக் கூட்டமைப்பு (Global Federation of Animal Sanctuaries) 2007 முதல் இருக்கிறது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் சேரும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். இலவசத் தங்குமிடமும் சிறு உதவித்தொகையும்கூட ஊதியமாகக் கணக்காகலாம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும், குரங்குகளும் இருக்கும் காப்பகம் காசநோய்ப் பரிசோதனை கேட்கும். காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கூடவே இன்னொன்று: இரண்டாவது ஆள் இல்லாத நாளில் கூண்டுச் சுத்தம் யார் செய்வார்கள்? ‘அன்று செய்வதில்லை’ என்று சொல்லும் இடத்தில் சேரலாம்.