ஐந்து போல்ட்டும் ஆறு போல்ட்டும்: என் சி10-ஐத் தாழ்த்திய கதை

என் 1969 செவர்லே சி10 பிக்கப் வண்டியின் உயரத்தை முன்னால் இரண்டரை, பின்னால் நான்கு அங்குலம் இறக்க ஆசைப்பட்டேன். ஒரு வார வேலை என்று நினைத்தது இரண்டு மாதம் இழுத்துவிட்டது.

முன்பக்க ஸ்பிரிங்கை வெட்டிவிடச் சொன்னவர்கள் உண்டு. நல்லவேளை, கேட்கவில்லை. வெட்டினால் சக்கரம் மேலேற இடம் குறைந்து, சின்னப் பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் இடிக்கும். டிராப் ஸ்பிண்டில், அதாவது சக்கரம் மாட்டும் அச்சு மேலே தள்ளி அமைந்த ஸ்பிண்டில் போட்டால் ஸ்பிரிங்கும் கன்ட்ரோல் ஆர்மும் பழைய நிலையிலேயே இருக்கும், வண்டி மட்டும் இறங்கும். அதையே டிஸ்க் பிரேக்கோடு சேர்ந்த செட்டாக வாங்கினேன்.

"1967 முதல் 72 வரை எல்லாத்துக்கும் பொருந்தும்" என்றார் விற்றவர். பொருந்தத்தான் செய்தது. ஆனால் சக்கரம் மாட்டப் போனால் ரோட்டரில் (டிஸ்க் பிரேக்கின் சுழலும் தட்டு) ஐந்து போல்ட்! 1970 வரை வந்த சி10-க்கு ஆறு போல்ட்; 1971-இல் டிஸ்க் வந்தபோதுதான் ஐந்தானது. பின்னால் ஆறு, முன்னால் ஐந்து என்றால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. திருப்பித் தரக் கேட்டேன். பேரிங்கில் கிரீஸ் வைத்தாயிற்று, எடுக்க முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். போல்ட் எண்ணிக்கையை அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற கோபம் இன்னும் தீரவில்லை. அதே ஸ்பிண்டிலுக்கு ஆறு போல்ட் ரோட்டர் தனியாகக் கிடைத்ததால் பிழைத்தேன். வாங்கும் முன் வருடத்தைச் சொன்னால் போதாது, போல்ட்டையும் எண்ணிச் சொல்லுங்கள்.

பின்பக்க ஸ்பிரிங் ஒரே மதியத்தில் மாறியது. அப்புறம் பார்த்தால் ஒரு பக்கம் டயர் உள்ளேயும் மறுபக்கம் வெளியேயும் நிற்கிறது. காரணம் பேன்ஹார்ட் பார், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி. அதன் ஒரு முனை ஃபிரேமில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டி இறங்கும்போது அது வட்டமாகச் சுழல்வதால் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. நீளத்தை மாற்றக்கூடிய பார் வாங்கி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது அளந்து சரிசெய்தேன். ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் கணக்கு தப்பும். ஷாக் அப்சார்பரும் குட்டையானதாக மாற்ற வேண்டியிருந்தது.

இன்னொன்று: கழற்றியபோது கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் எல்லாம் வெடித்துக் கிடந்தன. அதை முதலில் மாற்றியிருந்தால் பாதி ஆட்டம் அப்போதே நின்றிருக்கும்.

நேற்று அலைன்மென்ட் முடித்து ஓட்டினேன். ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தாலே நேராகப் போகிறது.