ஃபாவுனின் முற்றத்தில் ஒரு காலை

சிலையின் உயரம் வெறும் 71 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசை அளவுகூட வராது. ஆனால் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரமான பாம்பெயின் மிகப் பெரிய வீடுகளில் ஒன்று இந்தச் சிலையின் பெயரால்தான் அறியப்படுகிறது: காசா தெல் ஃபாவுனோ, ஃபாவுனின் வீடு. ஃபாவுன் என்பவன் ரோமானியப் புராணக் கதைகளில் வரும் காட்டுத் தேவன். பல வருடங்களாக அந்தச் சிலையை என் கேமராவில் பிடிக்க வேண்டும் என்று ஆசை. போன அக்டோபரில் தம்பியோடு இத்தாலி போனபோது, நாப்போலியில் (நேப்பிள்ஸ்) தங்கி, ஒரு நாள் முழுவதையும் பாம்பெய்க்கு ஒதுக்கினோம்.

சர்க்கம்வெசுவியானா ரயிலில் ஏறி 'பாம்பெய் ஸ்காவி' நிலையத்தில் இறங்க வேண்டும். ஸ்காவி என்றால் அகழ்வு. ஒன்பது மணிக்கு வாசல் திறந்ததும் போர்த்தா மரீனா ஏற்றத்தில் வேகமாக நடந்தோம். ஃபோரம் திடலின் வடக்கே வெசுவியஸ் எரிமலை நீலமாக நின்றது. அங்கேயே நின்றுவிடத் தோன்றும். நிற்கவில்லை. திடலின் வடகோடியில் இருக்கும் வளைவைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் தெருவில் கருங்கல் பாவியிருக்கிறது. வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிப் பள்ளமாகிப்போன தடங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. குனிந்து ஒரு தடத்தில் கை வைத்தேன். நாலு விரல் உள்ளே போனது.

வீட்டு வாசலில் தரையிலேயே வண்ணக் கற்களால் 'ஹாவே' என்று எழுதியிருக்கிறது. லத்தீனில் வணக்கம். அதை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போனேன். நாற்புறமும் தெரு ஓட, நடுவில் முழுக்க இந்த ஒரே வீடு. ஏறக்குறைய 3,000 சதுர மீட்டர். வாசற்படியில் நின்று நேரே பார்த்தால் முதலில் முற்றம், அதன் பின்னால் தூண்கள் சூழ்ந்த தோட்டம், அதற்கும் பின்னால் இன்னொரு தோட்டம். பார்வை தடையில்லாமல் ஓடுகிறது. அந்த நேர்கோட்டின் தொடக்கத்தில், முற்றத்து நடுவில், மழைநீர் வந்து விழுவதற்காகக் கட்டிய ஆழமில்லாத தொட்டிக்குள் நுனிக்காலில் ஆடிக்கொண்டிருக்கிறான் ஃபாவுன். நெற்றியில் இரண்டு சின்னக் கொம்புகள், பின்னால் ஒரு வால், கலைந்த தாடி. தலையைப் பின்னுக்குச் சாய்த்து வானத்தைப் பார்க்கிறான். தொட்டியின் தரையில் சாய்சதுரங்களாக வண்ணக் கல் பதித்திருக்கிறார்கள்.

இருபது படம் எடுத்திருப்பேன். ஒன்றும் தேறவில்லை. நின்றபடி எடுத்தால் மேலிருந்து பார்க்கிற மாதிரி ஆகி, சிலை பொம்மைபோலத் தெரிந்தது. கிழக்குச் சுவரின் நிழல் முற்றம் முழுக்கக் கிடந்ததால் வெண்கலம் கறுப்பாக விழுந்தது. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெளுத்துப்போனது. அதற்குள் ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டது. ஆளுக்கு ஒரு படம் எடுத்துவிட்டு இரண்டே நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"அக்கா, அவன் மேலே பாக்குறான். நீ கீழ உக்காந்தாத்தான் அவன் என்ன பாக்குறான்னு தெரியும்" என்றான் தம்பி.

தொட்டியின் விளிம்போரம் தரையில் உட்கார்ந்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். சுவர்கள் கீழே போயின. அவன் தலைக்கு மேல் வானம் மட்டும்தான். அந்தக் காலத்தில் இங்கே கூரை இருந்தது. நடுவில் மட்டும் ஒரு திறப்பு. மழையும் வெயிலும் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும். அவன் அண்ணாந்து பார்த்தது அந்தத் திறப்பைத்தான் என்று கீழே உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு வெயிலுக்காகக் காத்திருந்தோம். எதிரில் தொட்டியின் கல் விளிம்பில் ஒரு பல்லி வந்து ஒட்டிக்கொண்டது. அதன் வயிறு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. சுவர்களில் பளிங்குப் பலகைகள்போலத் தோன்றும்படி செய்த பழைய சாந்துப்பூச்சு அங்கங்கே மிச்சமிருக்கிறது. அந்தப் பூச்சு கி.மு. 2-ஆம் நூற்றாண்டு பாணி. ஊரில் மற்றவர்கள் புதுப்புது ஓவியங்களுக்கு மாறியபோதும் இந்த வீட்டார் பழையதையே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். கி.பி. 79-இல் எரிமலை வெடித்தபோதே இது பழைய வீடு. அப்போதே பாட்டன் காலத்துப் பொருளைப் பேணியவர்கள் இங்கே இருந்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வெடித்த தேதி ஆகஸ்ட் 24 என்றுதான் படித்திருப்போம். 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17-க்கு நிகரான தேதியோடு கரியால் எழுதிய வரி கிடைத்ததிலிருந்து, அது அக்டோபரில்தான் நடந்திருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் அந்தக் கடைசி நாட்களிலும் சூரியன் இதே சாய்வில்தான் வந்திருக்கும்.

வெயில் சுவரைத் தாண்டியது. முதலில் உயர்த்திய கையின் விரல் நுனியில் பட்டது. அங்கிருந்து கொம்புக்கு இறங்கியது. பிறகு நெற்றி, திறந்த வாய். பாசிப்பச்சை ஏறிய வெண்கலத்துக்குள்ளிருந்து ஒரு பழுப்புப் பொன்நிறம் மேலே வந்தது. தோள்வரை வெளிச்சம், இடுப்புக்குக் கீழே நிழல். அந்தச் சில நிமிடங்களில் மொத்தம் ஆறு படம்தான் எடுத்தேன். அவசரமே தோன்றவில்லை.

முற்றத்தில் இருப்பது நகல். 1830-இல் அகழ்ந்தெடுத்த அசல் நாப்போலி தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே வீட்டுத் தரையிலிருந்து பெயர்த்தெடுத்த அலெக்ஸாண்டர் போர் மொசைக்கும் (வண்ணக் கல் பதித்த ஓவியம்) அங்கேதான். நகல் என்று தெரிந்ததும் சிலர் முகம் சுளித்துக் கேமராவை மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அசலுக்கு இப்போது வானம் கிடையாது. மழை எப்படி அவன் மேல் விழும், காலையில் எந்த விரலில் முதல் வெயில் படும் என்பதையெல்லாம் அந்த நகல்தான் சொல்லும்.

மறுநாள் அசலையும் போய்ப் பார்த்தோம். பாம்பெயில் 1938-இல் கிடைத்த, இந்தியாவில் செதுக்கிய தந்தச் சிலை ஒன்றும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. மிளகும் தந்தமும் கப்பலேறி ரோமுக்குப் போன காலம் அது. அதன் முன்னால் தம்பி ரொம்ப நேரம் நின்றான்.

நான் ஃபாவுனிடம் திரும்பி வந்தேன். முகத்தை எடுக்க மனம் வரவில்லை. அது முற்றத்திலேயே எடுத்தாயிற்று. கிட்டே போய், தரையை விட்டு எழும்பிய அந்தக் குதிகாலை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வெண்கலத்தில் வார்க்கும் முன் மெழுகில் அதை வடித்தவரின் கை பட்ட இடம் அதுதானே.